மூணாவது வரி

தனசிங் அன்னைக்குக் காலைல வேதக்கோயில் மாடி ஏறினது, இனிமே ஆர்கன் வாசிக்க மாட்டேன்னு சொல்லிட்டு இறங்குறதுக்குத்தான்.

மேல எப்சிபா டீச்சர் ஆர்கன் முன்னால பெஞ்சுல இருந்தாங்க. இருந்தாங்கன்னு சொல்றத விட, வயித்துக்கும் ஆர்கன் கட்டைக்கும் நடுவுல ஒரு சமாதானம் பேசி முடிச்சிருந்தாங்கன்னு சொல்லலாம். நிறைமாசம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களால காலை நீட்டி மிதிகட்டைய மிதிக்க முடியாது. அவங்கள விட்டா அந்தச் சபையில ஆர்கன் தெரிஞ்ச ஆளு தனசிங் ஒருத்தர்தான்.

டீச்சருக்கு முப்பது வயசு தாண்டி ரொம்ப நாளாகல. தனசிங் தாலுகா ஆபீஸ்ல தலைமை எழுத்தரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சின்னவங்க சொல்லிக் குடுக்க, பெரியவரு கத்துக்கிட்டாரு. ஊர்ல கொஞ்சம் சிரிச்சாங்க. சிரிக்கிறவங்க யாருக்கும் ஆர்கன் வாசிக்கத் தெரியாததுனால ரெண்டு பேரும் அதக் கண்டுக்கல.

"டீச்சர், அடுத்த வாரத்துக்கு வேற ஏற்பாடு பாத்துக்கோங்க."

"வேற யார உக்கார வைக்க அண்ணாச்சி? எம்பிள்ளயவா? அது இன்னும் வெளியவே வரல."

"விளையாட்டில்ல. நான் இனிமே வாசிக்கதா இல்ல."

"என்னத்துக்கு?"

"பேசுதாங்க."

"யாரு?"

"அத்தன பேரும்!"

ஆராதனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, ஜனங்க வந்து உக்காருற நேரத்துல, அன்னைக்குப் பாடப் போற பாட்டையே எடுத்து விரிச்சி விரிச்சி ஆர்கன்ல வாசிக்கணும். அது அந்தக் கோயில் வழக்கம். போன ரெண்டு மூணு வாரமா டீச்சர் அந்தப் பகுதிய மட்டும் தனசிங் கையில விட்டிருந்தாங்க. அவரும் வீட்ல உக்காந்து ராப்பகலா எழுதித் தயார் பண்ணாரு. வரிக்கு வரி நடுவுல ஒரு ஊசி நுழைய எடம் இல்ல. அப்படி ஒரு வேலப்பாடு.

கீழ ஜனங்க பால் விலையப் பேசினாங்க. பொண்ணு பாத்த கதையப் பேசினாங்க. போன ஞாயித்துக்கிழமை தனசிங் கோவத்துல எல்லாக் குமிழையும் இழுத்து விட்டு முழுச் சத்தத்துல வாசிச்சாரு. ஜனங்க அதுக்கு மேல சத்தம் போட்டுப் பேசினாங்க. பாஸ்டர் உள்ள இருந்து வெளிய வந்து, ஆர்கன் ரிப்பேரான்னு கேட்டாரு.

"ஆபீஸ்ல நான் லேசா இருமினாப் போதும் டீச்சர். ஃபேன் சத்தம் தவிர ஒண்ணும் கேக்காது."

"அப்பம் மாடியில இருந்து இருமிப் பாத்திருக்கலாம்."

தனசிங் சிரிக்கல. "நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எப்படி வாசிச்சா அவங்க வாய மூடுவாங்க? தெரிஞ்சா உக்காருதேன். இல்லன்னா என்ன விட்டுருங்க."

டீச்சர் நிமிந்தாங்க. ஆர்கனுக்கு மேல மாட்டியிருந்த கண்ணாடியில கீழ பாத்தாங்க. ஆளுக வர ஆரம்பிச்சிருந்தாங்க.

"இன்னைக்கு நான் வாசிக்கேன். நீங்க கீழ போய் உக்காருங்க. யாரு பேசுதாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

இது தனசிங்குக்குப் பிடிச்சிது. யாரு வேலை செய்யலன்னு கண்டுபிடிக்கிறதுல அவருக்கு நல்ல அனுபவம்.

கீழ போயி ஒரு பெரிய தூணுக்குப் பக்கத்துல உக்காந்தாரு. தூணுக்கு அந்தப் பக்கம் பொம்பளையாளுங்க வரிசை. அவங்க கண்ணுக்கு இவரு தெரியமாட்டாரு. இவருக்கு அவங்க பேச்சு தெளிவாக் கேக்கும்.

மேல டீச்சர் ஆரம்பிச்சாங்க. எளிய பாட்டு. நாலு வரி. ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். சத்தம் வந்ததே தெரியல.

"இன்னைக்கு அண்ணாச்சி வாசிக்கலையோ?" தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"டீச்சர்தான் போல. அதான் நம்ம பேசுறது நமக்குக் கேக்குது."

தனசிங் முதல் பேரக் குறிச்சிக்கிட்டாரு. இப்பம் பேசுன குரல் செல்லக்கனி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கவ. கூட இருந்தது அவ அண்ணன் பொண்டாட்டி.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா கனி? என்ன சொன்னாவ?"

"போனேன் மயினி."

"ஒன் வீட்டுக்காரரு நல்லாருக்காராமா?"

"அவர வெளிய உக்காரச் சொல்லிட்டாவ. என்ன மட்டும் உள்ள கூப்பிட்டாரு டாக்டரு. கூப்பிட்டு..."

அத்தோட குரல் நின்னுட்டு.

மேல ரெண்டாவது வரி முடிஞ்சிது. அந்தப் பாட்டுல மூணாவது வரிதான் உச்சிக்கு ஏறுற வரி. ஏறல. ஆர்கனோட அடிக்குரல் மட்டும் மெதுவாப் போய்க்கிட்டே இருந்துச்சி. மெட்டைக் காணோம். தனசிங் பதறிப்போயி மாடியத் திரும்பிப் பாத்தாரு. டீச்சருக்கு வலி எடுத்துட்டோ?

அப்பம்தான் தூணுக்கு அந்தப் பக்கம் மெட்டு கேட்டுச்சி.

வாயத் தொறக்காம, மூக்கால, செல்லக்கனி அந்த வரிய முனகிக்கிட்டிருந்தா. முனகுறது அவளுக்கே தெரிஞ்சிருக்காது. பாதியில அவ மயினியும் சேந்துக்கிட்டா. ரெண்டு பேரும் உச்சிக்கு ஏறி, இறங்குனாங்க.

நாலாவது வரிய ஆர்கன் எடுத்துக்கிச்சி.

"அவருக்குக் கட்டிதானாம் மயினி," செல்லக்கனி சொன்னா. "புதன்கிழமை ஆப்பரேஷன். அவருகிட்ட இன்னும் சொல்லல."

"ஏட்டி..."

"இன்னைக்குச் சொல்லிருதேன்."

அதுக்கு மேல அவங்க என்ன பேசினாங்கன்னு தனசிங்குக்குத் தெரியாது. எந்திரிச்சி நாலு வரிசை முன்னால போய் உக்காந்துக்கிட்டாரு.

ஆராதனை முடிஞ்சிது. ஜனங்க வெளிய போன பிறகு தனசிங் மாடி ஏறினாரு. டீச்சர் செருப்பத் தேடிக் காலால துழாவிக்கிட்டிருந்தாங்க. வயிறு மறைச்சதுல செருப்பு தெரியல. அவர் குனிஞ்சி எடுத்து வச்சாரு.

"பேசினாங்களா அண்ணாச்சி?"

"பேசினாங்க."

"நான் வாசிக்கும்போதுமா?"

"நீங்க வாசிக்கும்போதுதான்."

"யாரு?"

தனசிங் கைப்பிடிச் சுவரப் பிடிச்சிக்கிட்டு எட்டிப் பாத்தாரு. கீழ பெஞ்சு வரிசை காலியாக் கெடந்துச்சி.

"பேரு வேண்டாம் டீச்சர்."

"என்ன பேசினாங்கன்னாவது சொல்லலாம்லா?"

"அது அவங்க சொல்லுற விஷயம். நான் சொல்லப்பிடாது."

டீச்சர் செருப்ப மாட்டிக்கிட்டாங்க.

"கொஞ்சம் எந்திரிங்க," தனசிங் சொன்னாரு.

டீச்சர் அவர் தோளப் பிடிச்சி எந்திரிச்சாங்க. அவர் பெஞ்சுல உக்காந்து ஆர்கன் மேல இருந்த கண்ணாடியச் சரி பண்ணாரு. தான் எழுதி வச்சிருந்த தாளத் தேடல. வெறும் பாட்ட எடுத்தாரு. முதல் வரி. ரெண்டாவது வரி. சத்தம் வெளிய போகக் கூச்சப்பட்டுக்கிட்டே போச்சி. மூணாவது வரிக்கு வந்ததும் கைய எடுத்துட்டாரு.

"டீச்சர், இந்த இடத்துல நீங்க மெட்டையே விட்டுட்டீங்க. அடிக்குரல் மட்டும் போச்சி. மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

"மறக்கல."

"பெறகு ஏன் வாசிக்கல?"

"அதையும் நானே வாசிச்சிட்டா, கீழ இருக்கவங்க எதப் பாடுவாங்க அண்ணாச்சி?"