பாய்லரின் சாதாரண நாட்கள்

பானுரேகாவிடம் தொழில் கற்க வந்தபோது தேவசகாயத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவளுக்கு முப்பத்திமூன்று. ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு கட்டடம் வருஷம் முழுக்க எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை.

அவர் தனியாகப் போட்ட முதல் கணக்கு, கோத்தகிரியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு. வெந்நீர் பாய்லருக்கு வாங்கி வைத்த கேஸ் மாதம் முழுக்கப் போதும் என்றது கணக்கு. இருபதாம் தேதியே தீர்ந்துபோனது. லாரி வர இரண்டு நாள். அந்த மலைக்குளிரில் வெந்நீர் இல்லாமல் பச்சைப்பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்தபடி தாய்மார் கிடந்தார்கள்.

மனுஷர் இடிந்துபோனார்.

"எனக்கு இது ஒத்துவராது டீச்சர். விட்டுடறேன்."

"விடறது இருக்கட்டும். பாய்லருக்குத் திறன் எவ்வளவு போட்டீங்க?"

"பாய்லர் தகட்டுல எழுதியிருந்ததுதான். எரியற சூட்டுல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தண்ணிக்குப் போகும்னு."

"எல்லா மணி நேரத்துக்குமா?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. மறுநாள் மதியம் அந்த பாய்லர் முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டு அவரையும் உட்கார வைத்தாள்.

வார்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். முதலில் பாய்லரின் காற்றாடி உஸ்ஸென்று ஊதியது. பிறகுதான் தீ பிடித்தது. மூன்றே நிமிஷம், அணைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊதல், மறுபடி தீ. இப்படியே ஒரு மணி நேரம்.

"தீ பிடிக்கறதுக்கு முன்னால எதுக்கு ஊதுது?"

"உள்ள தங்கின கேஸை வெளிய தள்ள. இல்லாட்டி வெடிச்சிடுமே."

"கேஸ் மட்டுமா வெளிய போகுது?"

தேவசகாயம் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"அட கடவுளே! சூடும் சேர்ந்துல்ல போகுது. ஒவ்வொரு தடவையும்!"

"விடாம முழு வேகத்துல எரிஞ்சாதான் தொண்ணூறு. அப்படி எரியறது வருஷத்துல எத்தனை நாள்?"

"பத்து நாள் இருந்தா அதிகம்."

"மத்த நாள்ல?"

"இந்தா, இப்படித்தான். விட்டு விட்டு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கணக்கைத் திருத்திடலாம் டீச்சர். அந்தப் பிள்ளைங்க நடுங்கினதை எப்படித் திருத்தறது?"

"எல்லாம் சுகமா வீடு போய்ச் சேர்ந்துடுச்சுங்க. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"இருந்தாலும் நான் லாயக்கில்லாதவன்."

பானுரேகா ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"பாய்லரை அதோட நல்ல நாளை வச்சு எடை போட்டீங்க. இப்ப உங்களை இந்த ஒரு கெட்ட நாளை வச்சு எடை போடறீங்க. மத்த நாளையெல்லாம் சேர்த்துப் பாருங்கண்ணே. அப்புறம் சொல்லுங்க, போறேன்னு."