எட்டாம் நம்பர் கால்

மில் முதலாளி கதிர்நாயகம் படியேறினால் அந்தக் கோயம்புத்தூர் சைக்கிள் கடையே நடுங்கும். அங்கே விற்கும் பந்தயச் சைக்கிள் ஷூவின் அடி பலகை மாதிரி, கொஞ்சமும் விரிந்து கொடுக்காது. அவருக்கோ எட்டாம் நம்பர்தான் வேண்டும், விரலும் வலிக்கக் கூடாது. "இன்னும் பெரிசு போடுங்கய்யா" என்று சொன்ன கடை ஆட்கள் இரண்டு பேருக்கு அவரால் வேலை போயிற்று.

மூன்றாவதாக அவர் காலடியில் உட்கார்ந்தவள் பவுலின். வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாள்.

"எட்டு. வலிச்சுதுன்னா நீயும் வீட்டுக்குப் போயிரோணும் அம்மிணி," என்றார். கூட வந்த சைக்கிள் கிளப்காரர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டேதானுங்க," என்றாள் பவுலின். எட்டாம் நம்பர் ஷூவுக்குள் இருந்த மெத்தைத் துண்டை உருவித் தரையில் வைத்தாள். "உள்ளே இருக்கிற இடம் இவ்வளவுதானுங்க. குதிகாலைச் சரியா வெச்சு இது மேல நில்லுங்க."

நின்றார். விரல்கள் மெத்தையைத் தாண்டித் தரையைத் தொட்டன. சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது.

"எட்டுலயே போட்டுவிடறேனுங்க. எந்தெந்த விரலை வீட்டுல வெச்சிட்டு வருவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

கதிர்நாயகம் தம் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "பெரிசு எடு. பெட்டி மேல இருக்கிற நம்பரைக் கிழிச்சிரு," என்றார்.

பவுலின் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள்.

"நீங்க படியேறும்போதே கிழிச்சிட்டேனுங்க."