அண்டாவுக்கு மூடி என்ன முறை?

“அண்டா வந்துச்சு, மூடி வரல. கேட்டா, மூடி வேற டேபிள்ல இருக்குங்கறாங்க. நான் என்னத்தைப் போட்டு பிரியாணிக்குத் தம் கட்டுறது, என் வேட்டியையா?”

சமையல்காரர் பக்கிரி எங்கள் வாசலில் நின்று கத்தியது இப்படித்தான். அவர்மேல் தப்பில்லை. என் வீட்டுக்காரர் கோதண்டமும் அவருடைய தம்பிகள் சபாபதி, நீலமேகமும் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறார்கள். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஆசை வந்துவிட்டது.

சாஃப்ட்வேர் போட வந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்றால், ஒவ்வொரு வகையையும் தனித்தனி டேபிளில் பிரித்து வைத்து, கீயை வைத்து உறவு உண்டாக்குவது. ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் என்றால், ஒரு பொருளை அதைச் சேர்ந்தவற்றோடு பிரிக்காமல் வைப்பது. உள்ளே யாரும் கையை விடக் கூடாது, கேட்டால் அதுவே கொடுக்கும். எது வேண்டுமென்று யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்கச் சொல்லலாமா இவர்களை? மறுநாளே மர டேபிள்கள் வந்து இறங்கின. அண்டா ஒன்றில், மூடி ஒன்றில், கரண்டி ஒன்றில். பூட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் சாவி. நான் கான்வென்ட்டில் படித்தவள். “டேபிள்னா இங்க அட்டவணைங்க” என்றேன். “உனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது” என்றார் என் வீட்டுக்காரர், ஒரு டேபிளின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே.

அதில்தான் பக்கிரிக்கு மூடி போகவில்லை. அவர் திட்டிவிட்டுப் போனதும் மூவரும் சம்மணம் போட்டு ஆராய்ந்தார்கள்.

“உறவைச் சரியா போடலண்ணே. அண்டாவுக்கு மூடி என்ன முறை?” என்றார் சபாபதி.

“மேலே உட்கார்ந்து அமுக்குதுல்ல, பெண்டாட்டிதான்” என்றார் என் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பாமல்.

“அப்ப கரண்டி?”

“உள்ளே பூந்து கிளறுது. நாத்தனார்.”

நீலமேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு குடும்பத்தைப் பிரிச்சு வச்ச பாவம் நமக்கு வேணாம்ணே. ஆப்ஜெக்ட்டுக்கே போயிடுவோம்.”

போனார்கள். எனக்குத் தெரிந்தது என் மகள் சுகந்தியின் நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. ஊறின அரிசியோடு பக்கிரி நிற்கிறார். வண்டியிலிருந்து இறங்கிய அத்தனை அண்டாவுக்கும் மூடியைச் சுற்றிலும் வெல்டிங் வைத்திருக்கிறது. உள்ளே கரண்டி கடகடவென்று உருளுகிறது.

“மூடியோட வந்திருக்கு. இப்பத் திருப்தியா?” என்று பக்கிரியைக் கேட்டார் நீலமேகம்.

சம்பந்தி இரண்டாம் முறையாகச் சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தன் மனைவியின் காதில் என்னவோ சொன்னார். அவர்கள் எழுந்து போனால் என் பெண்ணின் கதி? ஒரு சம்மட்டி கொண்டுவந்து உடைக்கச் சொன்னேன்.

“கை வைக்கக் கூடாது அண்ணி. கேட்டா அதுவே கொடுக்கும்” என்றார் சபாபதி. “வீட்டுக்குப் பெரியவர், நீங்க கேளுங்கண்ணே.”

என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரிய அண்டாவின் முன் கைகூப்பினார்.

“ஐயா, பொண்ணைப் பெத்தவன் கேக்கறேன். உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லுங்க.”