சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை

"என் பிள்ளைகிட்ட என்ன குறை டீச்சர்?"

கேட்டேன். கேட்டேன்னா, கத்தினேன்.

சபுரா டீச்சர் நிமிரவே இல்லை. பென்சில் சீவிக்கிட்டு இருந்தாங்க.

"எந்தப் பிள்ளை அக்கா?"

"இலக்கியா."

"குறைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதான் கேக்கறேன். ஆறு வாரமா என் நோட்டுல ஒரு வார்த்தை எழுதலை நீங்க. 'நன்று'ன்னு எழுதினா கை தேஞ்சிடுமா?"

டீச்சர் என்னைவிட நாலு வயசு சின்னவங்க. என்னை அக்காம்பாங்க. நான் அவங்களை டீச்சர்ம்பேன். முதல் நாள்லேர்ந்தே எனக்கு அது கடுப்பு.

நான் டிப்ளமோ படிக்கறேன். ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுக்கற வேலை. பழகறதுக்காக அந்த ஸ்கூலுக்கு அனுப்பியிருந்தாங்க. முடிவுல வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து செய்முறைத் தேர்வு வைப்பார். நானும் ஒரு பிள்ளையும் அவர் முன்னாடி உக்காந்து வேலை செஞ்சு காட்டணும்.

போன வருஷம் அதுல பெயில். தேர்வு வைக்க வந்தவரோட சண்டை போட்டேனாம். சண்டை இல்லை, விளக்கம் கேட்டேன். கொஞ்சம் சத்தமா கேட்டேன். இந்த வருஷமும் போச்சுன்னா காலேஜ்ல பேரை எடுத்துடுவாங்க. அவ்வளவுதான் படிப்பு.

அதனாலதான் இலக்கியாவைக் கேட்டு வாங்கினேன். பதினோரு வயசு. உக்காருன்னா உக்காருவா. நில்லுன்னா நிப்பா. மத்தவங்க பிள்ளை ஓடும், கத்தும், மேஜைக்கு அடியில போய்ப் படுத்துக்கும். என் பிள்ளை ஒரே மூச்சுல எழுபது மணி கோர்ப்பா. பேச்சு கம்மி. நாம சொன்னதைத் திருப்பிச் சொல்வா, அவ்வளவுதான்.

"இந்த ஸ்கூல்லயே சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை அவதான்"ன்னேன். "இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

டீச்சர் பென்சிலைக் கீழ வச்சாங்க.

"வாங்க குணாக்கா."

வாசல்ல தண்ணி கேன் வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. கேன் இறக்கற அண்ணன்கிட்ட டீச்சர் மெதுவா என்னமோ சொன்னாங்க.

"ஐயோ, வேணாம் டீச்சர். யாராவது பாத்தா தப்பாயிடும்."

"நான் பின்னாடியே நிக்கறேன்ண்ணே. ஒரே ஒரு தடவை."

இலக்கியா வராந்தாவுல உக்காந்திருந்தா. அந்த அண்ணனை அவளுக்குத் தெரியாது. அவர் புதுசு, அந்த வாரம்தான் வர ஆரம்பிச்சிருந்தார்.

"பாப்பா, வா. வண்டில ஏறு."

இலக்கியா எந்திரிச்சா. பையை மாட்டினா. செருப்பைப் போட்டா, வலது கால் முதல்ல. அது நான் பழக்கினது.

வண்டில ஏறி, காலி கேனுக்கு நடுவுல உக்காந்து, கையைக் கட்டிக்கிட்டா.

அதுவும் நான் பழக்கினதுதான்.

அண்ணன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "எனக்கும் பொண்ணுங்க இருக்கு டீச்சர். இன்னொரு தடவை என்கிட்ட இந்த மாதிரி கேக்காதீங்க."

டீச்சர் கை நீட்டினாங்க. இலக்கியா அந்தக் கையைப் பிடிச்சு இறங்கினா. எந்தக் கையை நீட்டினாலும் பிடிச்சிருப்பா.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க"ன்னாங்க டீச்சர்.



*

மறுநாள் காலையில முதல் வேலையா போய் நின்னேன்.

"சரி. நான் தப்பு. இப்ப என்ன பண்ணணும்? அதைச் சொல்லித் தொலைங்க."

"உங்ககிட்ட ஊர்ப்பட்டது இருக்கு. அவளுக்கு ஒரு துளி குடுங்க."

"என்ன இருக்கு என்கிட்ட?"

"போன வருஷம் எதனால பெயிலானீங்க?"

கேட்டுட்டுப் போயே போயிட்டாங்க.

*

எனக்குப் புரிஞ்சிடுச்சு. புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்.

வீட்டுலேர்ந்து பாகற்காய் பொரியல் கொண்டு போனேன். எண்ணெய் கம்மியா, கசப்பு தூக்கலா. ஒரு ஸ்பூன் எடுத்து இலக்கியா வாய்கிட்ட நீட்டினேன்.

"வேண்டாம்னு சொல்லு."

"வேண்டாம்னு சொல்லு"ன்னா அவ. சொல்லிட்டுத் தின்னா.

"ஏய், வேண்டாம்!"

"ஏய், வேண்டாம்!"

தின்னா.

மூணாவது நாள்ல 'ஏய்' போச்சு. நாலாவது நாள் நான் ஸ்பூனைக் காட்டினதுமே தெளிவா, அழகா, "வேண்டாம்"ன்னா.

ஓடிப் போய் டீச்சரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

"பாருங்க. இலக்கியா, பாகற்காய்?"

"வேண்டாம்."

சொல்லிட்டு வாயைத் தொறந்தா.

டீச்சர் என்னைப் பார்த்தாங்க.

"நீங்க சொல்லச் சொன்னீங்க. அவ சொன்னா."

"ஆமா!"

"அது 'சரிங்க மேடம்'தான்கா. சத்தம் மட்டும் வேற."

எனக்கு வந்துச்சே கோவம்.

"பின்ன எப்படித்தான் பழக்கறது? சொல்லிக் குடுத்தா கேட்டுக்கறா. கேட்டுக்கிட்டாத் தப்புங்கறீங்க. சொல்லிக் குடுக்காம எப்படி வரும்? மரத்துல காய்க்குமா? நீங்க பாட்டுக்கு ஒரு வரி சொல்லிட்டு நடந்து போயிடறீங்க. ஞானின்னு நினைப்பா?"

டீச்சர் என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. ஒரு பென்சிலை என் கையில வச்சாங்க. என் கை மேல அவங்க கையை வச்சாங்க. பேப்பர்ல ஒரு வட்டம் போட வச்சாங்க.

"என்ன பண்றீங்க?"

அதே வட்டத்து மேல இன்னொரு வட்டம்.

"டீச்சர், உங்களைத்தான்."

மூணாவது வட்டம்.

"விடுங்கன்றேன்!"

கையை உதறினேன். உதறின வேகத்துல பென்சில் போய் சுவத்துல அடிச்சுது. ஆனா உதறவே தேவையில்லை. என் கை மேல அவங்க கை இல்லை.

"எப்ப விட்டேன்?"

"நான் கத்தினப்ப."

"இல்லக்கா. அதுக்கு முன்னாடியே." என் மணிக்கட்டைத் தொடாம விரலால காட்டினாங்க. "இங்க நரம்பு முறுக்கிச்சு. அப்பவே விட்டுட்டேன்."

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"உங்க பிள்ளைக்கு எங்க முறுக்கும்?"

ஆறு வாரம் அந்தக் கையைப் பிடிச்சிருக்கேன். எனக்குத் தெரியலை.

*

அன்னிக்கு மணி கோர்க்கும்போது நான் மணியைப் பார்க்கலை. நான் பிடிச்சிருந்த அவ கையைப் பார்த்தேன்.

இருபதாவது மணி வரைக்கும் ஒண்ணும் இல்லை.

அதுக்கப்புறம் சுண்டுவிரல். மத்த விரலெல்லாம் மணியைப் பிடிச்சிருக்கு. சுண்டுவிரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது.

அது புதுசு இல்லை. தினமும் நீட்டுவா. தினமும் நான்தான் அதை மடக்கி விட்டிருக்கேன். 'ஒழுங்கா பிடி'ன்னு.

விட்டேன்.

அவ மணியைக் கீழ வச்சா. என் கை திரும்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தா. வரலை. ரொம்ப நேரம் காத்திருந்தா.

"போதுமா? சரி. போதும்"ன்னேன். பெட்டியை மூடினேன்.

அன்னிலேர்ந்து அதான். விரல் நீண்டா விடுவேன். தோள் ஏறினா நிறுத்துவேன். எழுபது மணி நாப்பதாச்சு. நாப்பது பதினஞ்சாச்சு. தேர்வு வருது, இவ என்னடான்னா நாளுக்கு நாள் கம்மியா செய்யறா.

ஒருநாள் மணிப்பெட்டியையே என் பக்கம் தள்ளினா. ஒரு விரற்கடை தூரம்தான். நான் எடுத்து அலமாரியில வச்சுட்டேன்.

அலமாரியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. திரும்ப அலமாரியைப் பார்த்தா.

சிரிச்சா. வாய்விட்டு.

அவ சிரிப்பு எப்படி இருக்கும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவ அம்மா வந்து நின்னாங்க. "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க பிள்ளையை? தலை சீவ விட மாட்டேங்குறா. சீப்பைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல வீசறா. இங்க வர்றதுக்கு முன்னாடி தங்கமா இருந்தா."

"ஃப்ரிட்ஜ் மேலயா!"ன்னேன். என் பல்லெல்லாம் தெரிஞ்சிருக்கும் போல.

"சிரிக்கறீங்க?"

"அம்மா, கோச்சுக்காதீங்க. மெதுவா சீவுங்க. அவளுக்கு வலிக்குது. இத்தனை வருஷமா வலிச்சிருக்கு. இப்பதான் சொல்றா."

அந்தம்மா பிள்ளை தலையைத் தொடப் போன கையைப் பாதியில நிறுத்தினாங்க.

*

தேர்வுக்கு முதல் நாள் டீச்சரே என்கிட்ட வந்தாங்க.

"நாளைக்கு இலக்கியா உக்காருவாளா?"

"தெரியாது."

"ரக்ஷன் இருக்கான். அரை மணி நேரம் அசையாம உக்காருவான். மாத்திக்கறீங்களா? நான் எழுதிக் குடுக்கறேன்."

கேலி பண்றாங்களான்னு முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாத்தான் கேட்டாங்க.

"இவ்வளவும் பண்ண வச்சுட்டு இப்ப வந்து பிள்ளையை மாத்துங்கறீங்களா? என்ன ஜென்மம் டீச்சர் நீங்க?"

"படிப்பு போச்சுன்னா உங்களுதுதானேக்கா போகும்? என்னுது இல்லையே. அதான் கேட்டேன்."

"என் பிள்ளையோட நான் உக்காந்துக்கறேன். நீங்க போய்ப் பென்சில் சீவுங்க."

போனாங்க. சீவினாங்க.

*

வந்தவர் முழுக்கை சட்டை. கையில ஃபைல். எங்களுக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்தார். டீச்சர் கதவு ஓரம் நின்னாங்க.

மணிப்பெட்டியை மேஜையில வச்சேன். இலக்கியா அதைப் பார்த்தா.

அவளே தொறந்தா.

சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். நான் கையே வைக்கலை. வாயையும் தொறக்கலை. எது கஷ்டம்னு கேட்டா, ரெண்டாவதுதான். முப்பது மணி ஆனதும் முடிச்சு போட்டு வச்சுட்டா.

"பரவாயில்லையே"ன்னார் அவர். "இதை அவுத்துட்டு, திரும்ப கோர்க்கச் சொல்லுங்க."

"எதுக்கு சார்? முடிச்சுட்டாளே."

"சொன்னதைச் செய்யறாளான்னு பாக்கணும்."

பேனா மூடியைக் கழட்டினார்.

போன வருஷமும் இந்த இடத்துலதான் நான் விளக்கம் கேட்டேன். இந்தத் தடவை கேக்கலை. பாஸாகணும். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்.

"இலக்கியா, அவுத்துட்டு இன்னொரு தடவை."

அவ அசையலை. நான் அவ கையைப் பிடிச்சேன்.

சுண்டுவிரல் நீண்டுச்சு.

பார்த்தேன். பார்த்துட்டும் விடலை. வேற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பிடிச்சிருந்தேன்.

இலக்கியா என் கையைப் பார்த்தா. இன்னொரு கையால என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சா. அவசரமே இல்லை. கட்டைவிரல்ல ஆரம்பிச்சு வரிசையா. பிரிச்ச கையைத் தூக்கி என் மடியிலயே கொண்டு வந்து வச்சா.

"மாட்டேன்"ன்னா.

என் பாடத்துல அந்த வார்த்தையே இல்லை.

கோர்த்த மணியை எடுத்துத் தன் கழுத்துல போட்டுக்கிட்டு, பெட்டியை மூடினா.

வந்தவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? டீச்சரையே எதிர்த்துப் பேசுது!"

"ஆமா சார்! உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

"திரும்ப செய்ய வைங்க. இல்லைன்னா நான் மார்க் போட முடியாது."

இலக்கியா கை மேஜை மேல இருந்துச்சு. அஞ்சு விரலும் இளகிக் கிடந்துச்சு. நான் தொடலை.

"செய்ய மாட்டேன்னு சொல்லிட்டா சார். நீங்க வேணா அவகிட்டயே கேட்டுப் பாருங்க."

அவர் ஃபைலைப் புரட்டினார். பேனாவைப் பேப்பர் மேல வச்சார்.

"யாரு பழக்கின பிள்ளைம்மா இது?"

கதவு ஓரம் பார்த்தேன். சபுரா டீச்சர் ஃபேனைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

எந்திரிச்சு நின்னேன். துப்பட்டாவைச் சரி பண்ணினேன்.

"குணவதி சார். நல்லா பெருசா எழுதிக்கோங்க."