வியர்வையை நிறுத்துப் பார்த்த அரசர்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குக் காலையில் தோன்றியதெல்லாம் மாலைக்குள் சட்டமாகிவிடும் நாட்களில், ஒரு நாட்டை ஆண்டுவந்த அரசருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. உழைத்தால் முன்னேறலாம் என்று தம் குடிமக்கள் நம்புகிறார்களா, இல்லையா?

யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவர். கோட்டையின் நான்கு வாசல்களிலும் ஆட்களை நிறுத்தி, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கேட்கச் சொன்னார். நம்புகிறவருக்கு ஒரு பானையில் ஒரு புளியங்கொட்டை. நம்பாதவருக்குப் பக்கத்துப் பானையில் ஒன்று. மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தால் இரண்டு பானையும் சரிசமமாக நின்றன.

இதன் காரணம் அரசவை விகடன் வடுகநாதனுக்கு மட்டும் தெரியும். எந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்று நின்று பார்ப்பது அவன் பழக்கம். கீழை வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றிருந்தான். காலையில் வேலைக்கு உள்ளே வந்தவர்கள் நம்புகிறோம் என்றார்கள். மாலையில் வேலை முடித்து வெளியே போனவர்கள் இல்லை என்றார்கள். ஆட்கள் என்னவோ அதே ஆட்கள்தான்.

வடுகநாதன் இதைச் சபையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அரசரைத் தவிர. மாலையில் நம்பிக்கை போய்விடுகிறது என்றால், மாலையிலேயே பலனைக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதிகம் உழைத்தவருக்கு நெல்லும் நிலமும் உண்டு, உழைக்காதவரின் நிலம் உழைத்தவருக்குப் போய்விடும் என்று அன்றே பறையறைந்தார்கள்.

சரி, உழைப்பை எப்படி அளப்பது? அதற்குப் பிரதானி சேந்தன் வழி சொன்னார். உழைத்தவனுக்கு வியர்க்கும். ஆகவே வியர்வையை அளந்தால் போதும்.

ஏற்பாடு மிக நேர்த்தியாக இருந்தது. காலையில் ஆளுக்கு ஒரு காய்ந்த துண்டு கொடுப்பார்கள். நாள் முழுக்க முகம், கழுத்து, முதுகு எல்லாவற்றையும் அதனாலேயே துடைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் தராசின் ஒரு தட்டில் அந்தத் துண்டு, மறு தட்டில் அதே நெசவில் அதே அளவில் ஒரு காய்ந்த துண்டு. ஈரத்துண்டு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு உழைப்பு. குளத்தில் நனைத்து எடுத்து வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஓர் அதிகாரி இருந்தார். ஒவ்வொரு துண்டின் நுனியையும் நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார். பாவம், முதல் வாரத்திலேயே அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போய்விட்டது.

ஊர் சீக்கிரம் பாடம் படித்தது. நிழலில் குழித்தறி நெய்துகொண்டிருந்தவர்கள் தறியை விட்டுவிட்டுக் கோயில் மதிலைச் சுற்றி ஓடினார்கள். மட்பாண்டம் செய்கிறவர் கருங்கல் ஒன்றைக் கிழக்கு வாசலிலிருந்து மேற்கு வாசலுக்குச் சுமந்து போய், மறுபடி கிழக்கு வாசலுக்கே கொண்டுவந்தார். சேந்தன் தம் அறையில் நெருப்பு மூட்டிய இரண்டு கணப்புச் சட்டிகளுக்கு நடுவே கம்பளி போர்த்தி உட்கார்ந்து, மிளகு ரசத்தைச் சுடச்சுடக் குடித்தார். தினமும் மாலையில் அவருடைய துண்டுதான் முதலில் வந்தது. நாட்டிலேயே பெரிய உழைப்பாளி என்று அவருக்குப் பட்டமும் கிடைத்தது.

நாற்பது நாள் ஆனதும் சேந்தன் தமக்கு வரவேண்டிய நிலத்தைக் கேட்டார். எந்த நிலம் என்றும் அவரே சொன்னார். மேலை வாசலுக்கு வெளியே பெரியாண்டான் என்பவன் பயிரிட்டு வந்த கத்தரித் தோட்டம்.

இந்தப் பெரியாண்டானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் கிணற்றில் ஏற்றம் இருந்தது. ஏற்றம் என்பது, நுனி இரண்டாகப் பிளந்த கவைக்காலை நட்டு, அதன் மேல் தராசுக் கோல் போலக் குறுக்கே கிடக்கும் நீண்ட மரம். கிணற்றுப் பக்கத்து நுனியில் ஒரு கழி, கழியின் அடியில் தண்ணீர் மொள்ளும் சால். இரண்டு பேர் மரத்தின்மேல் ஏறிக் கிணற்றுப் பக்கமாக நடந்தால் சால் இறங்கும். திரும்பி வால் பக்கமாக நடந்தால் நிறைந்து மேலே வரும். மூன்றாவது ஆள் கீழே நின்று சாலைக் கவிழ்ப்பார். இப்படி நாளெல்லாம் நடை.

பெரியாண்டான் வீட்டில் அவனும் மனைவி பூவாயியும்தான். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? அவன் மரத்தின் வால் நுனியில் ஒரு கல்லைக் கட்டிப் பார்த்தான். கல் சிறிதாக இருந்தால் நிறைந்த சாலைத் தூக்க முதுகு ஒடிந்தது. பெரிதாக இருந்தால் சால் தானாகவே மேலே வந்தது. ஆனால் காலிச் சாலைக் கிணற்றுக்குள் இறக்க இருவரும் கழியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் கல்லை மாற்றி மாற்றிக் கட்டினான். கடைசியில், காலிச் சாலும் பாதித் தண்ணீரும் சேர்ந்தால் என்ன எடையோ, அதற்குச் சரியான கல் அமைந்தது. இப்போது இறக்கும்போது பாதிப் பாரம், ஏற்றும்போது பாதிப் பாரம். சுமை எங்கும் போய்விடவில்லை, இரண்டாகப் பிரிந்துவிட்டது; அவ்வளவுதான். மரத்தின்மேல் யாரும் ஏற வேண்டியதில்லை. பூவாயி ஒருத்தியே புங்கமர நிழலில் நின்றபடி கழியை இறக்கி ஏற்றினாள். பெரியாண்டான் பாத்தி பாத்தியாக நீரைத் திருப்பினான். சித்திரை வெயிலிலும் தோட்டம் பச்சென்று இருந்தது. இருவர் துண்டிலும் பேருக்குத்தான் ஈரம்.

சேந்தன் சபையில் எழுந்து நின்று சொன்னார். “மன்னர் பெருமானே, அவன் துண்டு காய்ந்திருக்கிறது, தோட்டம் நனைந்திருக்கிறது. இதில் ஏதோ சூது இருக்கிறது. உழைக்காதவனிடம் விளைந்த நிலம், உழைத்தவனிடம் வந்து சேர வேண்டும் அல்லவா?”

வடுகநாதனுக்குப் பொறுக்கவில்லை. வியர்க்காமலும் நல்ல உழைப்பு உண்டு, அரசர் ஒருமுறை அந்தக் கிணற்றடிக்கு வந்து பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். இந்த வெயிலில் அரண்மனைப் படியைத் தாண்டுவதாக இல்லை என்றார் அரசர்.

சேந்தன் புன்னகைத்தார். “மன்னர் எழுந்து போக வேண்டிய அவசியம் என்ன? வியர்வை இல்லாத உழைப்பு என்று ஒன்று இருந்தால், மன்னர் அமர்ந்த இடத்திலேயே அதை உணரும்படி விகடர் செய்து காட்டட்டும். வாதம் கூடாது, கதை கூடாது. மூன்று நாளில் முடியாவிட்டால் தோட்டமும் போகட்டும், விகடரும் நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசருக்கு இந்தப் போட்டி பிடித்துவிட்டது. அப்படியே ஆகட்டும் என்றார்.

வடுகநாதன் நேரே கிணற்றடிக்குப் போய் நடந்ததைச் சொன்னான். பூவாயி கழியை விடாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, நீங்க சிரிக்க வைக்கிற ஆளு. அதுக்கு எங்க நெலந்தானா கெடச்சுது?” என்றாள். பெரியாண்டான் வேலையை நிறுத்தவில்லை. மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டான். பூவாயியின் கேள்வி வடுகநாதனை வழியெல்லாம் குத்தியது. இந்த ஏற்றத்தைத் தூக்கி அரசர் மடியில் வைக்கவா முடியும்?

இரண்டாம் நாளும் பாதி ஓடிவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை. நாடு கடத்தப்படுவதென்றாலும் முகத்தைச் சீராக்கிக்கொண்டு போவோம் என்று அவன் அம்பலவனிடம் போய் உட்கார்ந்தான். அம்பலவன் அரண்மனை நாவிதன். இருபது ஆண்டாக அரசருக்குச் சவரம் செய்கிறவன். துண்டு காய்ந்தே இருப்பதால் நாற்பது நாளாகத் தனக்கும் நெல் கிடையாது என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான்.

கொஞ்சம் வியர்த்துக்கொண்டு தொலைத்தால் என்ன என்று வடுகநாதன் கேட்டான்.

கத்தி அவன் தொண்டைக்குழியருகே ஒரு கணம் நின்றது. “நல்லா இருக்கே கதை. எனக்கு வேர்த்தா, கை வழுக்கி எதிராளி கழுத்தே போயிரும். கை நிதானமா இருந்தாத்தான், மகாராசா உக்காந்தபடியே கண்ணசருவாரு.”

வடுகநாதன் பாதிச் சவரத்தில் எழுந்து அரண்மனைக்கு ஓடினான்.

அரசரிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. நாடெங்கும் நடக்கும் சட்டம் அரசரின் பணியாட்களைத் தேர்வதில் மட்டும் நடக்கவில்லை. நாளை ஒரு நாள், அரசருக்குச் சேவை செய்கிறவர்களையும் துண்டைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சேந்தன் இதைக் கேட்டு மனம் குளிர்ந்துபோனார். விகடனே தோல்வியை ஒப்புக்கொண்டதாக அவருக்குப் பட்டது. நாளை மட்டும் ஏன், என்றைக்குமே அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரும் சேர்ந்து வற்புறுத்தினார்.

அன்று மாலை ஊர் நாவிதர்களின் துண்டுகளையெல்லாம் தராசில் வைத்துப் பார்த்தார்கள். தட்டு தரையைத் தொட்டது கட்டையனுடைய துண்டுக்குத்தான். கத்தி பிடிப்பதால் அவனையும் நாவிதர் கணக்கில் சேர்த்திருந்தார்கள்; உண்மையில் கட்டையன் சந்தையில் செம்மறி ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிறவன். ஒவ்வோர் ஆட்டையும் துரத்திப் பிடித்து, மடக்கி, மேலே ஏறி உட்கார்ந்துதான் அவன் வேலை நடக்கும்.

மறுநாள் காலை அரசர் சவர மணையில் அமர்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடி முகத்தை நீட்டினார். சபையினர் சுற்றி நின்றார்கள். நெற்றியில் சொட்டென்று ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தார். எதிரே கட்டையன், தெப்பமாக நனைந்து நின்றான். அவன் கையிலிருந்த கத்தி காற்றில் அகப்பட்ட வாழையிலை போல ஆடிக்கொண்டிருந்தது.

“அம்பலவன் எங்கே?” என்றார் அரசர், உதட்டை அதிகம் அசைக்காமல்.

“அவன் துண்டு காய்ந்திருக்கிறது, மகாராஜா,” என்றான் வடுகநாதன். “இந்தக் கட்டையன் இன்னும் கத்தியே வைக்கவில்லை. அதற்குள் இரண்டு துண்டு நனைத்துவிட்டான். சட்டப்படி, தங்கள் கழுத்துக்கு இவனை விட உழைக்கக்கூடியவன் இந்த நாட்டில் இல்லை.”

கட்டையன் பயத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தியை வைத்தான். சரக்கென்று ஒரு சத்தம். அரசரின் வலப்பக்க மீசை தரையில் கிடந்தது.

கட்டையன் கைகூப்பி, “ஆடுன்னா காலைக் கட்டிப்போடலாம் சாமி,” என்றான். அரசர் மெதுவாக எழுந்து, இரண்டடி பின்னால் போய், அம்பலவனைக் கூட்டிவரச் சொன்னார்.

அம்பலவன் வந்தான். போன மீசையைப் பார்த்தான். வெந்நீரில் கத்தியை நனைத்தான். ஒரு பக்கம் இல்லாதபோது மறுபக்கத்தையும் எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவன் விரல்கள் கன்னத்தின்மேல் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. மூன்றாவது இழுப்பிலேயே அரசரின் தலை லேசாகச் சாய்ந்தது. குறட்டையும் கேட்டது.

வேலை முடிந்து அவர் விழித்ததும் வடுகநாதன் கேட்டான். “மகாராஜா, இவ்வளவு நேரம் இவன் தங்களுக்கு உழைத்தானா, சும்மா இருந்தானா?”

அரசர் வழவழவென்றிருந்த கன்னத்தைத் தடவினார். “உழைத்தான்.”

வடுகநாதன் அம்பலவனின் துண்டை வாங்கிப் பிழிந்தான். ஒரு சொட்டு விழவில்லை.

சேந்தன் விடவில்லை. சவரம் சின்ன வேலை, அதை வைத்து நாட்டின் உழைப்பையே எடைபோடக் கூடாது என்றார்.

“பிரதானி சொல்வது நியாயமாக இருக்கலாம்,” என்றான் வடுகநாதன் பணிவாக. “கட்டையன் இன்னும் இங்கேதான் நிற்கிறான். கத்தியும் இருக்கிறது. சின்ன வேலைதானே, பிரதானி உட்காரலாமே.”

சேந்தனின் கை தானாகவே தம் மீசையை மூடியது. மணையைப் பார்த்தார், கட்டையனைப் பார்த்தார். பிறகு, தமக்கு அந்தக் கத்தரித் தோட்டத்தில் அவ்வளவு விருப்பம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அப்போதுதான் யாரோ அரசருக்குக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீசை இல்லாத ஒரு முகம் அதிலிருந்து அவரைத் திகைத்துப் பார்த்தது. அரசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கடைசியில் மணையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். துண்டுச் சட்டம் அன்றைக்கே போயிற்று. வெயில் தாழ்ந்ததும் அவரே மேலை வாசலுக்கு நடந்தார். பூவாயியிடம் கழியை வாங்கித் தம் கையாலேயே ஒரு சால் இறைத்தார். தண்ணீர் வந்துவிட்டது என்பதை நம்ப முடியாமல் இன்னொரு சாலும் இறைத்தார். உடனே, தோட்டம் பெரியாண்டான் வம்சத்துக்கே என்று செப்பேடு எழுதச் சொன்னார். ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் கல் கட்டித் தரும் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்தார். அம்பலவனுக்கு நாற்பது நாள் நெல்லும் மொத்தமாக அளந்தார்கள். கட்டையனுக்கு ஆட்டு மந்தை ஒன்று கிடைத்தது, இனி மனிதர் பக்கம் கத்தியைக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

வடுகநாதனைத் தம் பல்லக்கில் உட்காரவைத்து, தம் தோளில் கிடந்த பட்டுத் துணியையும் போர்த்தி, அவன் வீடுவரை அனுப்பினார் அரசர். பாதிச் சவரத்தோடு பல்லக்கில் போன முதல் மனிதன் அவன்தான். மறுநாள் சபைக்கு வந்தவனுக்கு ஒரு கணம் யாரையுமே அடையாளம் தெரியவில்லை. அத்தனை பிரபுக்களும் மீசையை எடுத்துவிட்டு, தாங்களும் அரசரைப் போலவே இருக்கிறோமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.