உடையாத சைக்கிளுக்கு என்ன கேரண்டி?

எங்கள் நெட்டையம்பாளையத்தில் யாரையும் முட்டாள் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தெருவில் போகிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரைக் கூப்பிட்டோம் என்று விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

அந்த ஊரில் கோழித்தீவனக் கடை வைத்திருப்பவர் சென்னிமலை. வயது நாற்பத்தொன்பது, எடை நூற்றுப் பதினாறு கிலோ. கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று அவரே பார்த்தது, ஆகையால் நம்பலாம். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். கொல்லிமலையின் எழுபதாவது கொண்டை ஊசி வளைவை சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி கடந்துவிட வேண்டும்.

மூன்று வருஷமாக முயற்சி நடக்கிறது. முதல் வருஷம் இருபத்தாறாவது வளைவில் சைக்கிள் ஒடிந்தது. அடுத்த வருஷம் பத்தொன்பதாவது வளைவில். அதற்கடுத்த வருஷம் பதினொன்றில். ஒவ்வொரு தடவையும் மலையிலிருந்து இறங்கும் பலாப்பழ லாரியில், பழங்களோடு பழமாக உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

நான்காவது வருஷம் அவர் மனைவி நாகரத்தினம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஏனுங்க, இந்தத் தடவை நானும் எங்க அக்கா தங்கச்சிகளும் மேல வந்து எழுபதாவது வளைவுல நிக்கறோம். சைக்கிள் மேல உக்காந்து வந்தீங்கன்னா சரி. இல்லாட்டி அன்னிக்கோட இந்தச் சைக்கிள் சங்காத்தமே நமக்கு வேண்டாம்."

சென்னிமலைக்கு உடம்புதான் பெரிசே தவிர மனசு சின்னப் பிள்ளை மனசு. அன்றைக்குத் துக்கத்தில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. மூன்று தடவை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஊரில் மிதிவண்டிக் கழகம் ஒன்று உண்டு. சென்னிமலையைச் சேர்த்து மூன்று உறுப்பினர்கள். தலைவர் மாரப்பன், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். செயலாளர் தங்கமுத்து, ஜெராக்ஸ் கடைக்காரர். யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதி இரண்டு நகல் எடுத்துவிடுவார். மூவரும் கூடிப் பேசி, நாமக்கல்லில் உயர்ந்த ரக சைக்கிள் ஓட்டும் பல் டாக்டர் ஒருவரிடம் யோசனை கேட்கப் போனார்கள்.

டாக்டர் ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டே பேசினார். "உங்க உடம்புக்கு டைட்டானியம் ஃப்ரேம்தான் தாங்கும். காந்தம் வெச்சா ஒட்டக்கூடாது. வெல்டிங் மீன் செதில் மாதிரி வரிசையா இருக்கணும். முக்கியமா, செஞ்சு குடுக்கறவரோட கேரண்டியைப் பாருங்க. ஒரு கேரண்டியோட யோக்கியதை, உடைஞ்சதுக்கு அப்புறம்தான் தெரியும்."

தங்கமுத்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

சென்னிமலை எதையும் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை. முதலில் வீட்டிலேயே பழகிப் பார்த்தார். காந்தத்தை இட்லிக் குண்டானில் வைத்தார், ஒட்டவில்லை. மர ஸ்டூல், தலையணை, தலைவரின் வழுக்கை எதிலுமே ஒட்டவில்லை. இத்தனை டைட்டானியத்தை வீட்டில் வைத்துக்கொண்டா கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோம் என்று அவருக்குத் திக்கென்றது. பூசணிக்காயில்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"இதுலயும் ஒட்டலீங்களே தலைவரே. அப்ப இதும் டைட்டானியமுங்களா?"

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "வேகாத வரைக்கும் டைட்டானியம். வெந்துட்டா பூசணிக்காய்."

இதற்கும் நகல் எடுக்கப்பட்டது. நாகரத்தினம் காந்தத்தைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்.

அடுத்து கோயம்புத்தூர். அங்கே தேவசகாயம் என்று ஒருவர் தன் கைப்பட டைட்டானியம் ஃப்ரேம் செய்கிறார். மூவரும் சந்தையில் ஒரு ஜிலேபிக் கெண்டை மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஈரோட்டிலேயே இறங்கிக்கொண்டார்கள். பட்டறையில் தலைவர் மீனை ஃப்ரேமின் வெல்டிங் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தேவசகாயம் பொறுமைசாலி, மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செதில் அப்படியே இருக்குதுங்க," என்றார் தலைவர் கடைசியில். "வாசம்தான் வரலை."

சென்னிமலை முக்கியமான கேள்விக்கு வந்தார். கேரண்டி எத்தனை வருஷம்? ஆயுசுக்கும் என்றார் தேவசகாயம். இதுவரைக்கும் எத்தனை பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்?

"ஒருத்தருக்கும் இல்லீங்க. பதினாலு வருசத்துல ஒண்ணுகூட உடைஞ்சு வரலை."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனுஷன், ஆனால் பாவம், அனுபவம் போதாது. பிரசவமே பார்க்காத நர்ஸிடம் எந்தத் தைரியத்தில் போய்ப் படுப்பது என்று தலைவர் வெளியே வந்ததும் கேட்டார். தலைவர் எதற்காகப் போய்ப் படுக்க வேண்டும் என்று சென்னிமலைக்கு விளங்கவில்லை. ஆனாலும் விஷயத்தில் நியாயம் இருப்பதாகப் பட்டது.

ஊருக்கு வந்து ஓசூரில் இருக்கும் நித்யசேவா சைக்கிள்ஸ் என்ற கம்பெனிக்குப் போன் போட்டார்கள். மஞ்சுளா என்ற பெண் எடுத்துத் தேனாகப் பேசினாள். இவர்களும் டைட்டானியம், இவர்களும் ஆயுள் கேரண்டி. எத்தனை மாற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, போன மாதம் வரைக்கும் நாலாயிரத்து இருநூறு ஃப்ரேம் என்றாள். மூவரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். மீதிப் பேச்சு முழுவதும் நின்றபடியேதான் நடந்தது.

இருந்தாலும் சென்னிமலை ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல. ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு சைக்கிள் கேட்டார், இரண்டும் வந்தன. கழகம் கூடியது. டாக்டர் சொன்னதைத் தங்கமுத்து வாசித்தார். உடைந்த பிறகுதான் கேரண்டி தெரியும் என்றால், உடைக்காமல் எப்படித் தெரியும்? இரண்டையும் உடைத்துவிடுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

நித்யசேவா சைக்கிளில் சென்னிமலை ஒரு காலைத்தான் தூக்கி வைத்தார். படக்கென்று ஒடிந்தது. போன் போட்ட கொஞ்ச நேரத்தில் சேலத்திலிருந்து கம்பெனி வேன் வந்தது. புது ஃப்ரேம், ஒரு பூங்கொத்து, மன்னிப்புக் கடிதம். மறுநாள் அதுவும் ஒடிந்தது, மறுபடியும் பூங்கொத்து. மூன்றாம் நாள், எதற்கு வீணாகப் போய்ப் போய் வருவது என்று வேன்காரர் தீவனக் கடை வாசலிலேயே பாய் விரித்துக்கொண்டார். வாரக் கடைசியில் நாகரத்தினத்துக்குப் பூ வைக்க வீட்டில் சொம்பு போதவில்லை. கட்டின மாப்பிள்ளைகூட இப்படி ஓடி வருவானா என்று சென்னிமலை நெகிழ்ந்துபோனார்.

தேவசகாயத்தின் சைக்கிள்தான் மானத்தை வாங்கியது. மூன்று பேரும் ஒன்றாக ஏறி உட்கார்ந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கிடங்கின் மாடியிலிருந்து கீழே போட்டார்கள், எகிறி வந்து தலைவரின் முழங்காலைப் பதம் பார்த்தது. கடைசியாகத் தீவன லாரியை அதன் மேல் ஏற்றினார்கள். லாரி பஞ்சராயிற்று. பொறுக்க முடியாமல் சென்னிமலை தேவசகாயத்துக்குப் போன் போட்டு, ஃப்ரேமில் ஒரு கோளாறு என்றார்.

"என்ன கோளாறுங்க?"

"உடைய மாட்டேங்குதுங்க. நாலு நாளாப் பாடுபடறோம்."

"உடையலைன்னா நல்லதுதானுங்களே?"

"உங்களுக்கு நல்லதுங்க. நாங்க கேரண்டியைப் பாக்க வேண்டாமுங்களா? உடைஞ்சா மாத்திக் குடுப்பீங்க, சரி. உடையாட்டி என்ன பண்ணுவீங்க?"

"உடையாட்டி நான் என்னங்க பண்றது? ஒண்ணும் பண்ண மாட்டனுங்க."

தங்கமுத்து நோட்டில் எழுதினார்: ஒன்றும் செய்ய மாட்டாராம். அவ்வளவுதான், தீர்ந்தது விவகாரம். சென்னிமலைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இத்தனை உறுதியான சாமானைச் செய்யத் தெரிந்தவருக்கு அதை உடைய வைக்கத் தெரியவில்லையே என்று வருந்தி, நன்றாகத் துடைத்துத் திருப்பி அனுப்பி வைத்தார்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகரத்தினம் தன் அக்கா தங்கைகளோடு, கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மேலே போய்விட்டார். சென்னிமலை நித்யசேவா சைக்கிளில் அடிவாரத்திலிருந்து கிளம்பினார். தலைவரும் செயலாளரும் கம்பெனி வேனில், பின்பக்கத் திறந்த தட்டில் உட்கார்ந்து உற்சாகப்படுத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். நான்காவது வளைவில் ஃப்ரேம் இரண்டாகப் போயிற்று.

வேன்காரர் பூங்கொத்தைக் கொடுத்தார். ஆனால் கைவசம் இருந்த ஃப்ரேமெல்லாம் அந்த வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. அடுத்தது ஓசூரிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகும். அதுவரை வாடிக்கையாளரையும் சைக்கிளையும் போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடுவது கம்பெனியின் கடமை, ஏறுங்கள் என்றார்.

சென்னிமலை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மேலே அறுபத்தாறு வளைவு. அதற்கும் மேலே நாகரத்தினம். வேனில் போய் இறங்கினால் இனி ஜென்மத்துக்கும் சைக்கிள் கிடையாது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தலைவரே, சைக்கிள் மேல உக்காந்து வரணும்னு சொல்லிருக்காளே."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். மூன்று லாரிகள் கடந்து போயின.

"நீங்க சைக்கிள் மேல உக்காரணும்னுதான் அம்மிணி சொல்லிருக்குது. சைக்கிள் எது மேல உக்காரணும்னு சொல்லலியே."

சைக்கிளின் பின்பாதியை வேன் தட்டில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். சென்னிமலை அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஒடிந்த முன்பாதியைக் கையில் பிடித்துக்கொண்டார். வேன் கிளம்பியது. சும்மா உட்கார்ந்து போவது அவர் மனசாட்சிக்கு ஒப்பவில்லை, வழி நெடுக மிதித்தார். வளைவுக்கு வளைவு மணி அடித்தார். ஏற்றம் கடினமான இடங்களில் எழுந்து நின்று மிதித்தார். ஐம்பதாவது வளைவில் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டார். வேனை நிறுத்தி ஆசுவாசப்படுத்தித்தான் மறுபடி எடுத்தார்கள்.

எழுபதாவது வளைவை அவர் கடந்தபோது மைத்துனிமார்கள் கைதட்டினார்கள். நாகரத்தினம் வேனைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், தொப்பலாக நனைந்து கண்ணீரும் வேர்வையுமாக இருந்த புருஷனைப் பார்த்தார். சொன்ன சொல்லில் குறை ஏதும் அவருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்தானே.

"எறங்குங்க, சாப்பிடலாம்," என்றார். "நல்லா எளைச்சுட்டீங்க."

கட்டுச்சோற்றின் இரண்டாவது உருண்டையில் மஞ்சுளாவின் போன் வந்தது. எங்கள் சேவையில் திருப்தியா சார், குறை ஏதாவது உண்டா என்று கேட்டாள். ஒரு குறையும் இல்லை, இப்படி ஒரு கேரண்டி இந்த உலகத்திலேயே கிடையாது என்றார் சென்னிமலை. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அந்த மொத நாலு வளைவு மட்டும் தரையில மிதிச்சு ஏற வேண்டியதாப் போச்சுங்க. மூச்சு வாங்கிருச்சு. அடுத்த வருசத்துக்கு, ஏறி உக்காந்ததும் ஒடையற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"கண்டிப்பா சார்," என்றாள் மஞ்சுளா. "ஒருவேளை அது உடையலைன்னா வேற மாத்திக் குடுத்துடறோம்."