எருமை முதுகில் ஒரு சஃபாரி

ஒரு காட்டில் கீரி ஒன்று சஃபாரி நடத்தி வந்தது.

காடு என்றால் ஏழு மலை, ஏழு கடல் தாண்டி இருந்த காடு இல்லை குழந்தைகளே. பெருநகரத்தின் கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அந்தக் காட்டின் வாசல் வந்துவிடும். நகரத்து விலங்குகள் காலையில் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

கீரியின் பெயர் வேலாண்டி. விருந்தினர்களை ஓர் எருமையின் முதுகில் ஏற்றிவிட்டு, தான் அதன் கொம்புகளுக்கு நடுவில் நின்றுகொள்ளும். புறப்பட்டது முதல் திரும்பும்வரை வாய் ஓயாது. வேலாண்டிக்குத் தன் குரல் அவ்வளவு பிடிக்கும்.

எருமையின் பெயர் கருப்பாத்தாள். மேலே மழை பெய்தாலும் ஒரே நடை, வெயில் அடித்தாலும் ஒரே நடை. அதை ஓட வைக்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். காட்டு வாசலில் இருந்த டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் ஒரு கழுநீர்த் தொட்டி வைத்திருந்தார். அரிசி களைந்த தண்ணீர் அதில் விழும் சத்தம் கேட்டால் போதும், கருப்பாத்தாளுக்குக் கால் தரையில் நிற்காது.

ஒரு நாள் காலை மூன்று விருந்தினர்கள் வந்தார்கள்.

முதலாவது, டைகர் என்ற தெருநாய். "எங்கள் தெருவில் என் பெயரைக் கேட்டாலே தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். எனக்கு யார் பெயரை வைத்தார்களோ, அந்தப் புலியை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசவேண்டும்" என்றது.

இரண்டாவது, லில்லி என்ற வீட்டுப் பூனை. "புலி எங்கள் குடும்பம்தான். அக்கா பிள்ளை முறை. பார்த்து நாளாயிற்று" என்றது.

மூன்றாவது, கோமளா என்ற ஆடு. காய்கறிச் சந்தையில் வளர்ந்தது. கேள்வி கேட்காமல் அதனால் இருக்க முடியாது. சுவரொட்டியைக் கண்டால்கூட, "இது போன வாரத்துப் பசையா, இந்த வாரத்துப் பசையா?" என்று விசாரித்த பிறகுதான் தின்னும். சந்தையில் எல்லோரும் அதைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். அந்த வருத்தத்தில்தான் ஒரு நாளாவது வெளியே போய் வரலாம் என்று கோமளா பேருந்துக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்தது. வந்ததும் வராததுமாக, பாதை எங்கே பிரியும், எருமைக்கு என்ன பிடிக்கும் என்று டீக்கடையில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டது.

எருமை முதுகில் டைகர் முன்னால் ஏறிக்கொண்டது. லில்லி நடுவில் உட்கார்ந்தது. கோமளாவுக்குக் கடைசி இடம். அதிலும் லில்லி மூக்கைச் சுளித்து, "இது அசைபோடும் வாசனை என் மேல் அடிக்கிறது" என்றது. அதனால் கோமளா வால் பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டியதாயிற்று.

வேலாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அன்பான விருந்தினர்களே, வணக்கம். இந்த சஃபாரியில் மூன்று விதிகள். யாரும் கீழே இறங்கக் கூடாது. யாரும் சத்தம் போடக் கூடாது. நான் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது."

"நீங்கள் எப்போது பேசாமல் இருப்பீர்கள்?" என்று கோமளா கேட்டது.

"திரும்பி வந்த பிறகு" என்றது வேலாண்டி.

கருப்பாத்தாள் அசைந்து அசைந்து நடந்தது. பாதையோரத்தில் மயில் ஒன்று தோகையை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. "மயில்தான், விடுங்கள். புலியைப் பார்க்கப் போகிறோம்" என்றது வேலாண்டி. புள்ளிமான்கள் கூட்டமாகத் துள்ளி ஓடின. "மான்தான், விடுங்கள்" என்றது. குளத்தங்கரை நாணல்கள் விலகின. அங்கிருந்து உண்மையான புலி ஒன்று வெளியே வந்து, எருமைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கியது.

அதை வேலாண்டி விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அது முன்னால் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. டைகரும் லில்லியும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. கருப்பாத்தாளின் பெரிய உடம்பு காற்றை மறைத்ததால், எதன் மூக்குக்கும் ஒன்றும் எட்டவில்லை. பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தது கோமளா மட்டும்தான்.

கோமளாவின் அசைபோட்ட வாய் அப்படியே நின்றது.

புலி பெரிதாக இருந்தது. சந்தையில் பூசணிக்காய் லாரி வந்து நிற்குமே, அதைப் போல வழியை அடைத்துக்கொண்டு வந்தது. அதன் வயிறு மட்டும் ஒட்டிப்போய் இருந்தது.

கோமளா மெல்லத் தலையைத் திருப்பி, "பின்னால் டைகர்" என்றது.

"நான் முன்னால்தானே இருக்கிறேன்" என்றது நாய்.

"நீ இல்லை. வேறு டைகர்."

"எங்கள் தெருவிலேயே டைகர் நான் ஒருவன்தான்" என்றது நாய் கோபமாக.

"உஸ்ஸ்" என்றது வேலாண்டி. "இரண்டாவது விதி. மூன்றாவது விதியும்கூட."

கோமளா மறுபடியும் திரும்பியபோது புலி இன்னும் நெருங்கியிருந்தது. அதன் மீசை கருப்பாத்தாளின் வாலைத் தொடும் தூரத்தில் இருந்தது.

"அவர்களைக் கூப்பிடாதே" என்றது புலி தாழ்ந்த குரலில். "கூப்பிட்டால் நாலாபுறமும் ஓடுவார்கள். ஓடினாலும் நாயும் பூனையும் எனக்கு வேண்டாம். நான் மூன்று நாள் பட்டினி. நீ ஒருத்தி போதும். அடுத்த புதர் வந்ததும் பாய்வேன்."

கோமளாவின் நான்கு கால்களும் நான்கு தாளத்தில் நடுங்கின. அடுத்த புதர் இருபது அடி தூரத்தில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலாண்டி கையை விரித்து, "விருந்தினர்களே, புலி என்றால் என்ன தெரியுமா? அதன் கண்கள் இரண்டு சூரியன்கள். அது கொட்டாவி விட்டால் காட்டில் காற்றடிக்கும்" என்றது.

புலியின் ஒரு காது நிமிர்ந்தது. "யாரைச் சொல்கிறான்?" என்று கேட்டது.

"உங்களைத்தான் ஐயா" என்றது கோமளா.

"அப்படியா?" புலி கொஞ்சம் நடையைத் தளர்த்தியது. புதர் வந்தது. புதர் போனது. புலி பாயவில்லை. இன்னொரு காதும் நிமிர்ந்திருந்தது.

கோமளாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இரண்டு காதுகளும் புகழ்ச்சியில் இருக்கும்வரை இந்த வாய் தன் மேல் பாயாது. கீரி பேசவேண்டும். கீரி பேச, யாராவது கேள்வி கேட்கவேண்டும். கேள்வி கேட்க கோமளாவை மிஞ்ச ஆள் உண்டா?

"வேலாண்டியாரே, புலியின் வரிகள் எப்படி இருக்கும்?" என்று கேட்டது.

விதியை மீறிய கேள்விதான். ஆனாலும் கேட்டது வேலாண்டிக்கு மிகவும் பிடித்த கேள்வி. "மின்னல் வந்து கையெழுத்துப் போட்டதுபோல இருக்கும்" என்றது அது.

"ஆஹா" என்று முனகியது புலி.

"அதன் நடை?"

"மணப்பெண் நாணும் நடை. யானை வெட்கும் நடை."

புலி உடனே தன் நடையைத் திருத்திக்கொண்டது. முன்னங்காலைத் தூக்கி, சற்று நிறுத்தி, பிறகு வைத்தது. "இப்படியா?" என்று கோமளாவைக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் இடுப்பை வளைக்கலாம் ஐயா" என்றது கோமளா.

புலி வளைத்தது. பாதையில் அப்படி ஓர் ஊர்வலம் அதற்கு முன் போனதில்லை. முன்னால் கீரியின் சொற்பொழிவு. நடுவில் அரைத் தூக்கத்தில் நாயும் பூனையும். கடைசியில் இடுப்பை வளைத்து வளைத்து நடந்த பசித்த புலி. கோமளாவுக்கு நடுக்கமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. வாயை இறுக்க மூடிக்கொண்டது.

புற்றைத் தாண்டினார்கள். மூங்கில் புதரைத் தாண்டினார்கள். அங்கேதான் வேலாண்டியின் தொண்டை வறண்டது. "அவ்வளவுதான். புலியைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை" என்றது.

"முடித்துவிட்டானா? நல்லது, சாப்பிடலாம்" என்று புலி உதட்டை நக்கியது.

கோமளா அவசர அவசரமாக, "சிங்கம் புலியைவிடப் பெரியது என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்களே?" என்றது.

வேலாண்டி கொம்பின் மேலேயே ஏறி நின்றுவிட்டது. "யார் சொன்னது? சிங்கத்துக்கு இருப்பது முடி. அதை மழித்துவிட்டால் மிச்சம் என்ன? புலிக்கு இருப்பது வீரம். அதை எந்த நாவிதர் மழிக்க முடியும்?"

"சரியாகச் சொன்னான்" என்றது புலி வாய்விட்டு.

"குரல் கட்டியிருக்கிறதே கோமளா, நிறையக் கேட்டுவிட்டாய் போல" என்றது வேலாண்டி, பேசியது ஆடுதான் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே.

இலந்தை மரம் தெரிந்தது. அந்த மரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் கரடிப்பாறை. சஃபாரி வழக்கமாகப் போவது அந்த வழிதான். வலப்பக்கம் போனால் காட்டு வாசல், சாலை, பேருந்து நிறுத்தம். கோமளா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டது.

"ஐயா வேலாண்டியாரே, இப்படிப்பட்ட புலி, பின்னாலேயே பதுங்கி வந்து, எருமை மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆட்டைத் திருட்டுத்தனமாக இழுத்துக்கொண்டு போகுமா?"

"சீச்சீ" என்றது வேலாண்டி. "அதெல்லாம் நரி செய்யும் வேலை. புலி பின்னால் வராது. உயர்ந்த பாறை ஒன்றைப் பார்த்து அதன் மேல் ஏறி நிற்கும். காடே அதைக் கண்ணாரக் காணும். எதிரே வருகிறவர்களைப் பார்த்து, 'நான் புலி' என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் அடிக்கும். எவ்வளவு பசித்தாலும் அந்த முறை தவறாது."

உண்மையில் எந்தப் புலியும் அப்படிச் செய்வதில்லை குழந்தைகளே. பதுங்கித்தான் பாயும். அது வேலாண்டிக்கும் தெரியும். சொல்ல நன்றாக இருந்ததால் சொல்லிவிட்டது.

புலி நின்றது. நாணலில் பதுங்கியதையும், குளத்திலிருந்து வாலைத் தொடர்ந்து வந்ததையும் நினைத்துப் பார்த்தது. அதற்கு முகம் தொங்கிப்போயிற்று.

"நான் பின்னால் வந்ததை யாரிடமும் சொல்லாதே" என்றது கோமளாவிடம். "அடுத்து எங்கே போகிறீர்கள்?"

"கரடிப்பாறைக்குத்தான் ஐயா, அவர் வழக்கமாகப் போவது" என்றது கோமளா. அது பொய் இல்லை.

"பாறை உயரமானதுதானா?"

"உங்களுக்கென்றே செய்து வைத்ததுபோல இருக்குமாம்."

"மெதுவாக வாருங்கள். எனக்கு மீசையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் புலி புதருக்குள் பாய்ந்து இடப்பக்கமாக ஓடியது.

அதன் வால் நுனி மறைந்ததும் கோமளா திரும்பியது. லில்லியின் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, எருமையின் காதில் சொன்னது. "அக்கா, வலப்பக்கம் டீக்கடை. இந்நேரம் கழுநீர்த் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார்கள். கேட்கிறதா?"

கருப்பாத்தாள் காதை ஆட்டியது. கேட்டதோ கேட்கவில்லையோ, நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

அடுத்த நொடி அந்த எருமை பறந்தது. வேலாண்டி ஒரு கொம்பில் வாலும் மறு கொம்பில் கையுமாகத் தொங்கியது. "அன்பான விருந்தினர்களே" என்று தொடங்கியது, முடிக்க முடியவில்லை. லில்லி டைகரின் காதைக் கவ்விக்கொண்டது. டைகர் தன் வாலையே கவ்விக்கொண்டது. கோமளாவின் தாடி காற்றில் விசிறிபோலப் பறந்தது. சருகுகள் சிதறின, மைனாக்கள் சிதறின, வழியில் நின்ற ஒரு முள்ளம்பன்றி பந்தாகச் சுருண்டு உருண்டே ஒதுங்கியது. காட்டு வாசலைத் தாண்டி, சாலையோரம் வந்து, தொட்டிக்குள் மூக்கு முட்ட நின்றது கருப்பாத்தாள். நின்ற வேகத்தில் நான்கு பேரும் தொட்டிக்குள் விழுந்தார்கள்.

வேலாண்டி கழுநீர் சொட்டச் சொட்ட எழுந்து நின்றது. "மன்னிக்கவேண்டும் விருந்தினர்களே. இன்று புலியைக் காணும் பாக்கியம் நமக்கு இல்லை" என்றது.

"இருந்தது" என்றது கோமளா. "குளத்திலிருந்து இலந்தை மரம் வரை நம் பின்னால்தான் நடந்து வந்தது. வாலுக்கும் அதன் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி."

டைகர் சிரித்தது. லில்லி சிரித்தது. வேலாண்டி சிரிக்க வாயைத் திறந்தது.

அப்போது கரடிப்பாறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடின.

"நான் புலி" என்றது அந்தக் குரல்.

டைகர் பெஞ்சுக்கு அடியில் போனது. லில்லி டீக்கடைக் கூரைக்கு மேல் போனது. வேலாண்டி திறந்த வாயை மூடவும் இல்லை, அதிலிருந்து ஒரு சொல் வரவும் இல்லை. கோமளா மட்டும் தொட்டியை விட்டு இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு, ஊர் திரும்பும் பேருந்துக்குப் பின்னால் நடந்தது. நடை துள்ளலாக இருந்தது.

கரடிப்பாறையின் உச்சியில் புலி ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பை வளைத்து, மீசையை நிமிர்த்தி நின்றது. வெயில் ஏறியது. எதிரே யாரும் வரவில்லை. உச்சிப் பொழுதில் அது வயிற்றைத் தடவிக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்தான் இருந்தது.

நீதி: தன் பேச்சில் மயங்கியவனுக்குப் பின்னால் வரும் புலி தெரியாது, தன் புகழில் மயங்கிய புலிக்கு முன்னால் இருக்கும் இரை தங்காது.